ஐந்து கிலோ எடைக்கல்

தராசுத் தட்டில் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் தன் குழந்தையைக் கிடத்தினாள். முள் ஐந்து கிலோ நானூறில் நின்றது. போன வாரம் ஐந்து அறுநூறு. தூக்கிவிட்டு மறுபடி கிடத்திப் பார்த்தாள்; அதே நானூறு. மூன்று மாதக் குழந்தை, நாளெல்லாம் வாய் ஓயாமல் உறிஞ்சுகிற குழந்தை, இருநூறு கிராமை எங்கே தொலைத்தது? அவள் வயிற்றிலும் ஒன்றுமில்லை. நான்கு நாளாக வெறும் தண்ணீர்.

எல்லாம் நாத்தனாரின் ஏற்பாடு. ஏழு நாள் தண்ணீர் மட்டும் குடித்தால் பிள்ளை பெற்ற உடம்பு பழையபடி ஆகிவிடும் என்று கைபேசியில் ஒரு குழுவே நடத்தி வந்தாள். அதில் முப்பத்தெட்டுப் பேர். தம்பி பெண்டாட்டியான இவளை ஒரு வார்த்தை கேட்காமல் முப்பத்தொன்பதாவது ஆளாகச் சேர்த்துவிட்டாள். சொன்னதைக் கேட்கிற பெண் என்ற நல்ல பேரைக் காப்பாற்ற இவளும் தலையாட்டி வைத்தாள். அந்தப் பேரை நினைத்தாலே இப்போது பற்றிக்கொண்டு வந்தது. புருஷனுக்கோ குஷி தாங்கவில்லை. கடைத் தராசுகளைப் பழுது பார்க்கிறவன் அவன். வீட்டின் முன்னறைதான் பட்டறை. தினமும் காலையில் மனைவியைப் பெரிய தராசில் ஏற்றி, குறைந்த எடையைச் சாக்பீஸால் சுவரில் எழுதி அழகு பார்த்தான்.

"என்னங்க, இங்க வாங்களேன். பாப்பா எடை கொறஞ்சிருக்கா."

வந்து குனிந்து பார்த்தான். "வளர்ற கொழந்தைக்கு எங்கயாவது எடை கொறையுமா? தராசு தளந்திருக்கும்." குழந்தை தட்டில் கிடக்கும்போதே பின்பக்கத் திருகைத் திருப்பினான். முள் அறுநூறுக்கு ஏறியது. "பாத்தியா? சரியாப் போச்சு."

எடைக்கல்லை வைத்துப் பார்க்காமல் திருகைத் தொடுகிறவன் தொழில்காரனே இல்லை என்று கடைக்காரர்களிடம் வாய் கிழியப் பேசுகிற மனுஷன்! அவள் குழந்தையைத் தூக்கினாள். சுவர் சுற்றியது. நேற்றிலிருந்தே குமட்டல், பத்தடி நடந்தால் மூச்சு வாங்கியது. விடிந்ததிலிருந்து குழந்தை மார்பை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, கோபத்தில் முகம் சிவந்து கத்திக்கொண்டிருந்தது.

தடுப்பூசி போடும் நர்சம்மாவுக்குப் போன் போட்டாள்.

"நாலு நாளாவா?" நர்சம்மாவின் குரல் உயர்ந்தது. "பால் குடுக்கிற ஒடம்புடி அது. நீ சாப்பிடலைன்னாலும் ஒன்கிட்ட இருக்கிறத எடுத்துப் பாலுக்குக் குடுக்கும். அதுவும் தீந்தா ரத்தமே கெட்டுப் போயிடும், ஆளையே சாய்ச்சிடும். குமட்டுது, மூச்சு வாங்குதுங்கற. ஏதாவது வாயில போட்டுட்டு ஒடனே ஆஸ்பத்திரிக்கு வா. தனியா வராத."

அடுக்களையில் நின்றபடியே ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டாள். முதல் கவளம் இறங்க மறுத்தது. தண்ணீர் ஊற்றி இறக்கினாள்.

நாத்தனார் ஓடி வந்தாள். "அய்யய்யோ, என்ன பண்ற! இன்னும் மூணே நாளு. பட்ட கஷ்டமெல்லாம் வீணாப் போச்சே."

அவள் நாத்தனாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே மென்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த முகத்தை அவள் அப்படி நேராகப் பார்த்ததில்லை.

"குழுவுல நான் என்னன்னு எழுதுறது?"

"முப்பத்தெட்டுன்னு எழுதுங்க அண்ணி. பால் குடுக்கிறவங்க இன்னும் யாராவது இருந்தா, அவங்களையும் எடுத்துட்டு எழுதுங்க."

குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். அலமாரியிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல்லை ஒற்றைக் கையால் இழுத்தாள். அவன் உதவிக்கு வந்தபோது, "வேணாம்" என்றாள். கல் தட்டில் தொப்பென்று உட்கார்ந்தது. முள் ஐந்தைத் தாண்டிப் போய், ஐந்து இருநூறுக்குச் சற்று முன்னால் நின்றது.

அவன் கை பழக்கத்தில் திருப்புளியைத் தேடி எடுத்தது.

"அதக் கீழ வைங்க. தெருமுனைக்குப் போய் ஒரு வண்டி கூட்டிட்டு வாங்க, நாங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். திரும்பி வர்ற வரைக்கும் அந்தக் கல்ல யாரும் தொடக்கூடாது."

மீதி ரொட்டியைக் கடித்தபடி வாசற்படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினாள். உள்ளே அவன் திருப்புளியும் கையுமாக நின்றான். தட்டில் கல் இருந்தது; முள் ஐந்தைத் தாண்டியே நின்றது.