நாய்க்கு இருந்த பெயர்

சார்ல்ஸ்டன் நகரத்து ஆவணக் காப்பகமொன்றில் லத்ரீஸ் கேட்ஸ்டனுக்கு இன்னும் ஐந்து நாள்தான் மிச்சம். கறுப்பின முதுகலை மாணவர்களை இந்தத் தொழிலுக்குள் கொண்டுவருவதற்கென்று ஏற்பட்ட கோடைப் பயிற்சி, பத்து வாரத்தோடு சரி.

அவள் மேசைமேல் 1938ஆம் வருடத்துப் புகைப்படம். தாழ்வாரத்தில் ஒரு வெள்ளைக் குடும்பம். அட்டவணையில் ஆறு பேரின் பெயரும் இருந்தது. காலடியில் படுத்திருந்த நாயின் பெயர்கூட இருந்தது, டியூக். ஓரத்தில் குழந்தையை ஏந்தி நின்றவளுக்கு மட்டும் ‘அடையாளம் தெரியாத பணிப்பெண்’.

முந்தைய நாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் பொரித்த மீன் பரிமாறிய வயதான பெண்களிடம் படத்தின் பிரதியைக் காட்டியிருந்தாள்.

“மிஸ் ரோசீனா பிரயன்தான். வாசல்ல நின்னு, லேட்டா வர்றவங்களையெல்லாம் முறைப்பாங்களே” என்றாள் ஒருத்தி.

“உன்னைத்தான் அதிகம் முறைச்சாங்க” என்றாள் இன்னொருத்தி.

படத்தில் இருப்பது அவர்தான் என்று மூன்று பேர் ஒரு தாளில் எழிதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார்கள்.

இன்று மேற்பார்வையாளர் கேரல் அந்தத் தாளை இருமுறை படித்தாள். “படம் கொடுத்த குடும்பம் அதோட பின்பக்கத்துல எழுதினதைத்தான் பெயரா ஏத்துக்கலாம், கண்ணு. விதி அப்படி.”

“அவங்க எழுதினதும் ஒருத்தரோட ஞாபகம்தானே, மிஸ் கேரல்?”

கேரல் தாளை மேசையில் வைத்தாள். ஒன்பது வாரமாக இப்படிப்பட்ட இடங்களில் லத்ரீஸ் ‘சரி’ சொல்லி வந்தாள். இன்று சொல்லவில்லை.

“இந்த ஒரு படத்துக்கு மட்டும் குறிப்பு போட்டுடறேன்” என்றாள் கேரல் கடைசியில். “வெள்ளிக்கிழமை நிம்மதியா கிளம்பு.”

நேற்றுவரை லத்ரீஸ் கேட்க நினைத்ததும் அவ்வளவுதான். படம் இருந்த அட்டைப் பெட்டியைப் பார்த்தாள்.

“வேண்டாம். இதுக்குள்ள இன்னும் நாற்பத்தோரு பேர் அடையாளம் தெரியாம இருக்காங்க. நான் போனப்புறம் அவங்களுக்காக யாரு போய் மீன் சாப்பிடுவா? விதியை மாத்துங்க.”

“அது வியாழக்கிழமை கூடற விதிக் குழுவோட வேலை. பயிற்சிக்கு வந்தவங்க யாரும் அங்க பேசினதே இல்ல. நாளைக்கு உனக்கு வேலை தர வேண்டியவங்களும் அவங்கதான். யோசிச்சுக்கோ.”

“யோசிச்சாச்சு.”

காப்பகத்துக்குள் பேனாவுக்கு அனுமதியில்லை. லத்ரீஸ் பென்சிலைச் சீவி, புதிய விதியின் முதல் வரியை எழுதத் தொடங்கினாள்: பெயருக்கு ஆதாரமாக, அறிந்தவர்களின் வாக்குமூலமும் ஏற்கப்படும்.

கேரல் குனிந்து அந்த வரியைப் படித்தாள். பிறகு நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

“குழுவுல அஞ்சு நிமிஷத்துக்கு மேல கேட்க மாட்டாங்க” என்றாள். “நாயிலேருந்து ஆரம்பி.”