கிருத்திகையன்று பூண்டு வாசனை

1
இந்தக் கதை எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை வாசலில் கிடைத்தது. குப்பென்று பூண்டு நாறியது. கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வருகிற வாயுவின் வாசனை அது என்றார்கள். உடனே எனக்கு ஒரு மாமியார் நினைவுக்கு வந்தாள். யாருடைய மாமியார் என்று கேட்காதீர்கள்.

2
திருத்தணி, 1946. மலைக்கோயில் மணியோசை காற்றில் மிதந்து... (வேண்டாம். எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.)

மண்ணெண்ணெய்க்கு ரேஷன். தாயாரம்மாளின் மகன் கொல்லையில் கார்பைடு டிரம் வைத்து, அதிலிருந்து அடுக்களை அடுப்புக்கு இரும்புக் குழாய் போட வைத்தான். பட்டணத்திலிருந்து வந்த ஃபிட்டர் ஜம்புலிங்கத்தைத் தாயாரம்மாள் துளியும் நம்பவில்லை. கண் படக்கூடாதென்று குழாயில் மூட்டுக்கு மூட்டு கெட்டியாகச் சந்தனம் அப்பினாள். சாமி காரியமாயிற்றே என்று அவனும் அதைத் துடைக்காமல், மேலேயே சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு பார்த்தான். குமிழி வரவில்லை.* மருமகள் தேவகியிடம், "வாசன வந்தா நெருப்பு ஏத்தாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டு ரயிலேறினான்.

(*சந்தனம் வாயுவை அடைக்குமா? ஈரம் இருக்கும்வரை அடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் சந்தேகம்தான்.)

3
மாலைக்குள் சந்தனம் காய்ந்து வெடித்துவிட்டது. புது அடுப்புக்குக் கற்பூரம் காட்ட தாயாரம்மாள் தட்டோடு வந்தாள். அடுக்களையில் பூண்டு வாசனை. அன்று கிருத்திகை விரதம்.

"யாருக்கும் தெரியாம பூண்டு வதக்கிகினு இருந்தியாடி?"

"நான் தொடவே இல்லீங்க அத்தே. கொழாயிலருந்து வருது. நெருப்பு ஏத்தக் கூடாதுன்னு ஃபிட்டர் சொன்னாரு."

"ஆங். என்கிட்ட சொல்லாம உன்கிட்ட மட்டும் சொன்னானா?"

தீப்பெட்டியைத் திறந்தாள்.

4
[முதல் முடிவு: வீடு எரிகிறது. கிழித்துவிட்டேன், தேவகியைக் கொல்ல மனம் வரவில்லை. இரண்டாவது: மாமியார் நம்புகிறாள். அதை நானே நம்பவில்லை.]

வழி தெரியாமல் தேவகியையே கேட்டேன். அவள் என் பக்கம் திரும்பவேயில்லை.

"நான்தான் அத்தே. பசி தாங்கல. பூண்டு வதக்கித் தின்னுட்டேன்."

விரதம் கெட்ட அடுக்களையில் கற்பூரம் ஏற்றுவார்களா? கதவு ஜன்னல் எல்லாம் திறந்துபோட்டுக் கழுவிவிடு என்று கத்திவிட்டு, தாயாரம்மாள் தீப்பெட்டியோடு வெளியே போனாள். தேவகி கொல்லைக்கு ஓடி டிரம்மின் திருகை மூடினாள். அப்புறம்தான் அழுதாள்.

5
அன்று முதல் தெருவில் அவளுக்குப் பெயர் 'கிருத்திகையில் பூண்டு தின்னவ'. விரதச் சமையலில் அவளைக் கைவைக்க விடுவதில்லை. தாயாரம்மாளிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன்.

"அவளுக்குப் பரிஞ்சிகினு வந்துட்டியே, நீ யாருப்பா அவளுக்கு?" என்று கேட்டாள்.

நான் திரும்பி வந்துவிட்டேன். நீங்கள் போய்ச் சொல்லிப் பாருங்கள்.