சதுப்பில் வந்த போர்வை

அயர்லாந்தில் ஐரிஷ் கத்தோலிக்கர்களின் கலகம் வெடித்துப் பத்து நாளாகியிருந்தது. ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய புராட்டஸ்டண்டுகள் நாங்கள் முப்பது பேர், துப்பாக்கித் திரி அணையாமல் ஊதியபடி தேவாலய மதிலுக்குப் பின்னால் கிடந்தோம். என் மனைவி மாரியன் பக்கத்து ஊரில் சிக்கியிருந்தாள்.

"கோட்டு போட்டவன் நம்மாளு. கம்பளிப் போர்வை போத்துனவன் ஐரிஷ்காரன். பாத்ததும் சுடுங்க," என்றிருந்தார் கேப்டன் லோரி. மூளைக்கு வேலையில்லாத கட்டளை. எனக்கும் பிடித்திருந்தது.

நண்பகலில் சதுப்பைத் தாண்டி ஒரு போர்வை ஓடிவந்தது. அவன் கத்தியது எதிர்காற்றில் கேட்கவில்லை. நான்தான் சுட்டேன்.

ஆயுதம் இருந்தால் எடுக்கலாம் என்று போய்ப் புரட்டினேன். எங்கள் ஊரில் மாவு அரைக்கும் நினியன். போர்வைக்குள் ஒட்டுத்துணிகூட இல்லை.

"கலகக்காரனுங்க துணி எல்லாத்தையும் உருவிட்டானுங்கடா," என்றான். "குளிர்ல செத்துருவீங்கன்னு அவங்க பொம்பள ஒருத்திதான் போர்வை குடுத்தா. எனக்கு ஒண்ணு." மூச்சு வாங்கினான். "பின்னால வர்ற உன் பொண்டாட்டிக்கு ஒண்ணு."

நிமிர்ந்தேன். சதுப்பின் விளிம்பில் இன்னொரு போர்வை தெரிந்தது. மதில்மேல் துப்பாக்கிகள் உயர்ந்தன.

சுடாதீங்க என்று மதிலைப் பார்த்துக் கத்தினேன். அதே காற்று எதிரே அடித்தது.