அம்மா மீன் சாப்பிட்ட வெள்ளிக்கிழமை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒட்டுக்கேட்கப் போன இடத்தில் லாரி இரைச்சலில் ஒரு வார்த்தைகூடக் காதில் விழாததால் எழுத வேண்டிவந்த கதை இது.

இடம், சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலையோரம் இருக்கும் மீன் வறுவல் கடை. ஊருக்கு ஊர் கிளை வைத்து, காகித டப்பாவில் மலிவாகப் பொரித்துத் தருகிறார்களே, அந்த வகை. கதைக்காக ‘மொறுமீன்’ என்று பெயர் வைக்கிறேன். (நிஜப் பெயர் இதைவிட மோசம்.) அங்கே பெண் பார்க்கும் படலம். பெண், என் அம்மா செலின். பார்க்க வந்தவர், திருமழிசையில் ஃபோர்மேனாக இருக்கும் செபாஸ்டியன், மனைவியை இழந்தவர். பக்கத்து மேசையில் யாரோ போல இறால் பொரியலோடு உட்கார்ந்திருந்தவள் நான், ஸ்டெஃபி. ஏற்பாடே என்னுடையதுதான்; அவரோடு போனில் மட்டும் பேசியிருந்ததால் என் முகம் அவருக்குத் தெரியாது.

அப்பா இறந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. தொழிற்பேட்டையில் துணிக் கம்பெனி செக்கிங் வேலையிலேயே அம்மா என்னைப் படிக்கவைத்தாள். இப்போது எனக்குப் பெங்களூரில் வேலை. நான் கிளம்பிவிட்டால் மண்ணூர்பேட்டை வீட்டில் அவள் தனி. அந்தப் பயத்தில்தான் இத்தனை கூத்தும்.

2

கதையை ஆரம்பிக்க முயன்றவை:

“கொதிக்கும் எண்ணெயின் ஓசையில் செலினின் இதயம்—” வேண்டாம். அம்மா படித்தால் சிரிப்பாள்.

“அன்று தவக்காலத்து வெள்ளிக்கிழமை.” இது சரி. வம்பே இதில்தான் இருக்கிறது.

தவக்கால வெள்ளியில் கறி ஆகாது, மீன் ஆகும் என்று யோசித்து யோசித்து செபாஸ்டியன் தேர்ந்தெடுத்த கடை அது. பாவம், நல்ல மனசு. ஆனால் அம்மா தவக்காலம் முழுக்க, சாம்பல் புதன் தொடங்கி ஈஸ்டர் வரை, மீன், முட்டை எதையும் தொடமாட்டாள். பக்கத்து வீட்டில் கருவாடு வறுத்தால் எங்கள் வீட்டு ஜன்னலைச் சாத்துவாள். இதை அவரிடம் சொல்ல வேண்டியவள் நான். மறந்துபோனேன்.*

* மறக்கவில்லை. கடையை மாற்றச் சொன்னால் மனிதர் மனதையும் மாற்றிக்கொள்வாரோ என்று பயந்தேன். ‘மறந்துபோனேன்’ என்பது சுருக்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

3

இந்த செபாஸ்டியன் என்கிற பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம்.

டப்பா வந்ததும் ஒரு மீன் துண்டை எடுத்தார். இரண்டாகப் பிட்டார். நாலாகப் பிட்டார். விரலால் நெருடி நெருடிப் பார்த்தார். பழைய மீனா என்று சோதிக்கிறார், சரியான சந்தேகப் பேர்வழி என்று முடிவு கட்டினேன். மீனுக்கே இந்தப் பாடு என்றால் அம்மா என்ன ஆவாள்? பிறகு பிட்ட துண்டுகளை அம்மா பக்கம் தள்ளினார்.

[இங்கே நிலா வர்ணனை ஒன்று இருந்தது. நடந்தது பட்டப்பகல் என்பதால் எடுத்துவிட்டேன்.]

அம்மா சாப்பிட்டாள். தவக்காலத்தில், அதுவும் வெள்ளிக்கிழமையில், என் அம்மா மீன் சாப்பிட்டாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்துபோய்க் கட்டிக்கொள்ளலாமா என்றிருந்தது. யாரோ போல உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா உங்களுக்கு?

4

ஏன் சாப்பிட்டாள்? பஸ்ஸில் கேட்டேன், டிக்கெட்டை எடு என்றாள். நானே எழுதிப் பார்த்தேன்.

முடிவு ஒன்று: மரியாதைக்குச் சாப்பிட்டாள், வீட்டுக்கு வந்து வேண்டாம் என்றாள். நம்பும்படி இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

முடிவு இரண்டு: அவரும் முழு விரதம். அவளுக்காக அவர், அவருக்காக அவள். சினிமாத்தனம். அடித்துவிட்டேன்.

முடிவு மூன்று: செபாஸ்டியன் மெல்லக் குனிந்து—

“இன்னாடி எழுதிக்கினு கீற?”

முதுகுக்குப் பின்னால் அம்மா. மூன்றாம் பகுதியைப் படித்தே முடித்துவிட்டாள்.

“சந்தேகப் பேர்வழியா? யாரு, அவரா?”

“பின்ன? மீன அந்த நோண்டு நோண்டினாரே.”

“முள்ளு பாத்தாருடி.”

“அது முள்ளே இல்லாத மீன்மா. போர்டுலயே போட்டுகீது.”

“அவருக்கு இன்னா தெரியும்? அவரும் அன்னிக்குத்தான் அங்க மொத தபா வந்தாராம். பாத்து சாப்புடுங்க, முள்ளு இருக்கும்னு பிச்சு பிச்சு வெச்சாரு. உங்கப்பனுக்கு நான் பாத்தேன். உனுக்கு நான் பாத்தேன். எனுக்கு எவன் முள்ளு பாத்துக் குட்தான்? வேணான்னு சொல்ல வாய் வரல. பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்லிக்கிறேன்.”

“அப்ப சரின்னு சொல்லிட்டியா?”

“மீன் துன்னா சரின்னு அர்த்தமா? போய் வேலயப் பாரு.”

(மூன்றாம் பகுதியைத் திருத்தப்போவதில்லை. என் மடத்தனமும் அச்சில் இருக்கட்டும்.)

5

இன்று மறுபடி வெள்ளிக்கிழமை, அதே கடை. அம்மா அரை நாள் லீவு போட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு, நீலப் புடவை கட்டியிருக்கிறாள். ஈஸ்டர் முடிந்ததும் கோயிலில் கல்யாண ஓலை வாசித்து எல்லோருக்கும் அறிவிக்கப் பேர் கொடுக்கலாமா என்று அவர் கேட்டிருக்கிறாராம். இன்றைக்கு பதில் சொல்லியாக வேண்டும். நானும் செருப்பை மாட்டினேன்.

“நீ எங்க?”

“பக்கத்து மேசைக்கு.”

“வேணாம். இன்னிக்கு நான் மட்டும் போறேன்.”

“இன்னா சொல்லப்போற? அத மட்டும் சொல்லிட்டுப் போயேன்.”

“அவருகிட்ட சொல்ல வேண்டியத உங்கிட்ட இன்னாத்துக்கு மொதல்ல சொல்லணும்?”

அம்மா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருக்கிறது.

எழுதி வைத்திருந்த முடிவுகளை எல்லாம் அழித்துவிட்டேன். ஜன்னல் வழியாகத் தெரிகிறாள், நிறுத்தத்தில் நிற்கிறாள். பூந்தமல்லி பஸ் வருகிறது. இதற்கு மேல் என்னால் கூடப் போக முடியாது. நீங்கள் போங்கள். உங்களை அம்மாவுக்குத் தெரியாது.