சந்தை எந்தக் கரையில்?

கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அவளுக்கு ‘வட்டாரம்’ என்று பெயர். வேலை முடிந்த கையோடு பல்கலைக்கழகத்துக்கு ஓடி வட்டார ஆய்வியல் படிக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அது என்ன படிப்பு என்று கேட்டவர்களுக்கு முதலில் பொறுமையாகத்தான் விளக்கினாள். மூன்று நாடுகள் பங்குபோட்டுக்கொண்ட ஒரு மலையாற்றுப் பகுதி. அதன் வரலாறு, நிலம், வியாபாரம், பாட்டு எல்லாவற்றையும் சேர்த்துப் படிப்பது. “அங்க போயிருக்கியா?” என்பார்கள். இல்லை. “போகப் போறியா?” தெரியாது. “அப்புறம் எதுக்கு?” இரண்டாம் வருடத்திலிருந்து விளக்குவதையே விட்டுவிட்டாள்.

எதுவும் கேட்காத ஒரே ஆள் அவள் கணவர். வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவருக்கு. அவளுக்கு வகுப்பு இருந்த நாட்களில் சமையலைப் பார்த்துக்கொள்வார், நூலகப் புத்தகங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவார், அதோடு சரி. ஐந்து வருடத்தில் ஒரு நாளாவது “என்னதான் படிக்கிற?” என்று வாய் திறந்திருப்பாரா? மனுஷன் கல்லுளிமங்கன். அதில் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு வருத்தம் இருந்தது. வெளியில் சொன்னதில்லை.

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. வாய்மொழித் தேர்வு திங்கட்கிழமை. அவளுடைய பதிவுக் காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. ஏற்கெனவே இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியிருந்தாள். மூன்றாவது கிடையாது என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். தேறினால் பட்டம். தேறாவிட்டால் ஐந்து வருட உழைப்பும் அம்போ.

சனிக்கிழமை மதியம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கணவர் கட்டிலில் சாய்ந்து ஏதோ படித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தால், அவளுடைய ஆய்வேட்டின் பிரதி.

“ஏம்மா, ஒரு சந்தேகம்.”

“என்னங்க?”

“இந்தச் சந்தை ஆத்துக்கு எந்தக் கரையில இருக்கு?”

“கிழக்குக் கரை.”

“முதல் அத்தியாயத்துல அப்படித்தான் போட்டிருக்க. ரெண்டாவதுல மேற்குக் கரைன்னு வருதே?”

“எங்கயாவது கை தவறி அடிச்சிருப்பேன்.”

“அஞ்சு இடத்துல அப்படித்தான் இருக்கு.” பக்கங்களுக்கு நடுவே பார்சல் சீட்டுகளைக் கிழித்து அடையாளம் வைத்திருந்தார். “அட்ரஸ் இப்படி இருந்தா பார்சல் திரும்பி வந்துடும்மா.”

அவள் ஓடிப்போய் முதல் அத்தியாயத்துக்கு ஆதாரமான பழைய வரைபடத்தின் நகலை எடுத்தாள். எத்தனை முறை பார்த்த வரைபடம்! மூலையில், நூலக முத்திரையின் மைக்கு அடியில், வடக்கைக் காட்டும் குட்டி அம்புக்குறி ஒன்று இருந்தது. அது கீழ்நோக்கி இருந்தது. வரைந்தவர் தெற்கை மேலே வைத்து வரைந்திருக்கிறார். இவள் வழக்கம்போல மேலே வடக்கு என்று நினைத்து, சந்தையோடு ஒரு முழு ஊரையும் ஆற்றின் மறுகரைக்குத் தூக்கிப் போட்டுவிட்டாள். இரண்டாம் அத்தியாயத்தைச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எழுதியதால் அது மட்டும் சரியாக வந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க அவளுக்கு வழிகாட்டிகளாக நான்கு பேராசிரியர்கள் இருந்தார்கள். வரலாற்றுக்காரர் முதல் அத்தியாயத்தை வரிவரியாகப் படித்துச் சிவப்பு மையால் குளிப்பாட்டினார். புவியியல்காரர் இரண்டாவதை, பொருளாதாரக்காரர் மூன்றாவதை, இலக்கியக்காரர் நான்காவதை. அடுத்தவர் அத்தியாயத்தில் மூக்கை நுழைப்பது மரியாதையில்லை என்று நால்வரும் பெருந்தன்மையாக இருந்துவிட்டார்கள். பல துறைகள் ஒன்றுசேர்ந்த படிப்பு என்று பெயர். ஒன்றுசேர்ந்தது பைண்டிங் பசையில் மட்டும்தான்.

“நான் தொலைஞ்சேன்,” என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். “வெளியிலேர்ந்து வர்ற தேர்வாளர் அம்மா அந்த ஊர்ல பதினோரு வருஷம் இருந்தவங்க. கண்டுபிடிக்காமலா விடுவாங்க?”

“இன்னொரு சந்தேகம்...”

“இன்னும் என்னங்க!” என்று சீறினாள்.

அவர் அசரவில்லை. “மூணாவது அத்தியாயத்துல, அந்தச் சின்ன ஊருக்கு நாப்பது படகு இருந்துச்சுன்னு எழுதியிருக்க. கீழ பொடி எழுத்துல ‘காரணம் தெரியவில்லை’ன்னு போட்டிருக்க. எதுக்கு நாப்பது படகு?”

திட்டுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. மலைக் கிராமங்கள் எல்லாமே ஆற்றுக்குக் கிழக்கே. சந்தையும் கிழக்கே இருந்தால் யாருக்கும் படகு தேவையில்லை. அதனால்தான் ஒரு வருடம் மண்டையை உடைத்துக்கொண்டும் அந்தக் கணக்கு அவளுக்குப் பிடிபடவில்லை. சந்தை மேற்கே இருந்தால்? மலையிலிருந்து இறங்குகிற ஒவ்வொருவரும் ஆற்றைத் தாண்டியாக வேண்டும். நாற்பது படகு கூடப் போதாது.

நான்காவது அத்தியாயத்தைப் புரட்டினாள். படகு வரவில்லையே என்று கரையில் நின்று படகுக்காரனை வைகிற ஒரு பெண்ணின் பாட்டு. அந்த வசவை ஆன்மாவின் தவிப்பு என்று மூன்று பக்கம் விளக்கியிருந்தாள். பாவம், அந்தப் பெண் நிஜமாகவே சந்தைக்குத்தான் கிளம்பியிருக்கிறாள். இவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து இரண்டு பக்கத்துக்குத் திருத்தம் எழுதினாள். சொல்லாமல் விட்டால் தப்பித்துவிடலாமோ என்ற சபலமும் நடுநடுவே எட்டிப் பார்க்கத்தான் செய்தது.

திங்கட்கிழமை காலை, நீள மேசைக்கு அந்தப் பக்கம் நான்கு பேராசிரியர்களும், நடுவில் நரைத்த தலையோடு தேர்வாளர் அம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள்.

“மேடம், நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன். முதல் அத்தியாயத்துல சந்தையைத் தப்பான கரையில வச்சுட்டேன்.”

வரைபடம், அம்புக்குறி, நாற்பது படகு, பாட்டு என்று ஒன்றுவிடாமல் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள். தேர்வாளர் அம்மா தன் முன்னால் இருந்த காகிதத்தை இவள் பக்கம் தள்ளினார். முதல் கேள்வி கொட்டை எழுத்தில் இருந்தது: சந்தை எந்தக் கரையில்?

“இதை வச்சு உங்களை ஒரு வழி பண்ணணும்னுதான் வந்தேன்,” என்று பேனாவை மூடினார். “இனிமே கேக்க என்ன இருக்கு? அந்தப் படகுக் கணக்கை இதோட நானே சேத்துப் பாக்கல.” பிறகு பேராசிரியர்கள் பக்கம் திரும்பினார். “உங்கள்ல யாராவது இதை முழுசாப் படிச்சீங்களா?”

புவியியல்காரர் ஜன்னலைப் பார்த்தார். வரலாற்றுக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“அப்ப யார் கண்டுபிடிச்சது?”

“என் வீட்டுக்காரர் மேடம்.”

“அவர் எந்தத் துறை?”

“பார்சல் டெலிவரி.”

தேர்வாளர் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். தேர்ச்சி, பத்து நாளில் திருத்திக் கொடுக்க வேண்டும். மாதம் முடிய இன்னும் பதினாறு நாள் இருந்தது. வெளியே வந்ததும் படியிலேயே உட்கார்ந்தாள். ஐந்து வருடமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போனது. வயிறு பசித்தது. பல நாள் கழித்து நன்றாகப் பசித்தது.

வாசலில் கணவர் வண்டியை ஓரங்கட்டி, பார்சல்களுக்கு நடுவே காத்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் ஏறி உட்கார்ந்தாள்.

“ஏங்க, முழுசையும் படிச்சிருக்கீங்களே, அஞ்சு வருஷமா என்ன படிக்கிறேன்னு ஏன் ஒரு வார்த்தை கேக்கல?”

அவர் சாவியைப் போட்டு, மறுபடி வெளியே எடுத்தார்.

“எல்லாரும் உன்கிட்ட எதுக்கு, எதுக்குன்னே கேட்டாங்க. ஒவ்வொரு தடவையும் உன் முகம் வாடிடும். நானும் கேட்டா எங்க விட்டுடுவியோன்னு பயமா இருந்துச்சு.”

அவளுக்கு ஆய்வேட்டின் நன்றியுரையில் நான்கு பேராசிரியர்களுக்கும் ஒவ்வொரு பத்தி கொடுத்துவிட்டு, கடைசியில் ‘குடும்பத்தினருக்கும் நன்றி’ என்று ஒற்றை வரியில் முடித்திருந்தது நினைவுக்கு வந்தது. பத்து நாளில் திருத்த வேண்டியதில் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக்கொண்டாள்.

“இன்னும் எத்தனை பார்சல் இருக்கு?” என்றாள்.

“ஒம்போது.”

“வாங்க, நானும் வர்றேன். அட்ரஸ் நான் படிக்கிறேன்.”

“நீயா? எந்தக் கரைன்னு நான் ஒரு தடவை பாத்துக்கறேன்,” என்று அவர் வண்டியைக் கிளப்பினார்.