படத்தைச் சுருக்கச் சொன்னவன்

நேசமலர் யாரையும் இலேசில் நம்புகிற ஆள் இல்லை. கடையில் நிறுத்து வாங்கிய சீனியை வீட்டுத் தராசிலும் ஒருதரம் போட்டுப் பார்ப்பாள். பூசை முடிந்து வரும்போது யாராவது "சுகமோ அக்கா?" என்று கேட்டுவிட்டால், இவன் எதற்காகக் கேட்டான் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே நடப்பாள். நாயாற்று நண்டுச் சங்கத்துக்கு அவளைச் செயலாளராக்கியதே இந்தக் குணத்துக்காகத்தான்.

அவளுடைய தம்பி மரியநேசன் கடலில் ஒரு இடம் வைத்திருந்தான். கடலுக்குக் காணி உறுதியும் இல்லை, வேலியும் இல்லை. ஆனாலும் கோவில் மணிக்கூண்டையும் தண்ணீர்த் தாங்கியையும் நேர்பிடித்துப் போகத் தெரிந்தவனுக்கு, அங்கே அடியில் நண்டு குவிந்து கிடக்கும். சங்கத்துக் குடும்பங்களின் அடுப்பில் பாதி அந்த ஓரிடத்தால்தான் எரிந்தது.

அந்தக் கரையில் நல்ல இடம் கண்டவன் அதை வெளியே விடமாட்டான். எங்கே வலை போட்டாய் என்று கேட்டால் தாடையை மாறுபக்கம் நீட்டி "உங்கால" என்பான். கேட்டவனும் பொய் என்று தெரிந்துகொண்டே தலையாட்டுவான். அதில் யாருக்கும் கோபம் வருவதில்லை. ஆனால் ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். படகு திரும்பாவிட்டால் எங்கே போய்த் தேடுவது? மரியநேசன் பெண்சாதிக்குச் சொல்லவில்லை. அவள் வாயில் அவல் நிற்காது. அக்காவுக்குத்தான் சொன்னான். ஊரையே நம்பாதவள் ஊருக்கு ஏன் சொல்லப்போகிறாள் என்பது அவன் எண்ணம்.

கொழும்பு ஹோட்டல்காரர்கள் இப்போதெல்லாம் வெப்சைட் பார்த்துத்தான் நண்டு எடுக்கிறார்களாம். சங்கத்துக்கு ஒரு தொண்டு நிறுவனம் வெப்சைட் வைக்கக் கொஞ்ச ஹோஸ்டிங் இடத்தை இலவசமாகத் தந்தது. அதில் தளத்தைச் செய்து கொடுக்க றொமேஸ் முன்வந்தான். அவன் நேசமலரின் தங்கை மகன், முல்லைத்தீவு ரவுணில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருப்பவன். சும்மா செய்து தருகிறேன் என்று அவன் சொன்ன அன்றைக்கே நேசமலருக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஒருநாள் லப்டொப்போடு வந்து, நேசமலரின் போனைக் கேபிளில் கொழுவி, படங்களை இறக்கிப் பார்த்தான். நண்டு வலையில் உயிரோடு கிடக்கும்போது எடுத்த படங்கள். மரியநேசன் கடலுக்குப் போகையில் அவளுடைய போனைக் கொண்டுபோய் எடுத்தவை. படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த றொமேசின் முகம் மாறியது. நேசமலர் அதைக் கவனித்தாள். அவள் கவனிக்காமல் விடுவது எதுவும் இல்லை.

"பெரியம்மா, உங்களுக்குத் தந்தது சின்ன ஹோஸ்டிங். டேட்டாபேஸ் இல்லை. எல்லாரும் வெப்சைட் எழுதப் பாவிக்கிற பெரிய எடிட்டர் இதில ஓடாது" என்றான். "ஆனா சின்ன எடிட்டர் ரெண்டு இருக்கு. எழுதிறதை வெறும் பைலா வைச்சிருக்கும். ரெண்டும் இதில ஓடும்."

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"ஒண்டு லேசு. எழுதி, படத்தைப் போட்டு, அமத்தினாச் சரி. படத்தைக் குடுத்தபடியே வைக்கும். மற்றது படத்தைச் சுருக்கி, புதுசா எழுதி வைக்கும். ஆனா நான்தான் ஒருக்கா எல்லாம் செற் பண்ணித் தரவேணும். மற்றதையே எடுங்கோ."

"ஏன்?"

றொமேஸ் வாயைத் திறந்தான், மூடினான். பிறகு, "படங்கள் பெரிசு, பெரியம்மா. ஹோஸ்டிங் நிரம்பிப் போயிடும்" என்றான்.

"எப்ப நிரம்பும்?"

"இப்பிடியே போட்டால் ஒரு ரெண்டு மூண்டு வருசத்தில."

மூன்று வருடம் கழித்து நிரம்பப்போகிற பானைக்கு இன்றைக்கே மூடி தேடுகிறானா? ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாக இருக்கிறதே என்று நேசமலர் நினைத்தாள். அவன் செற் பண்ணினால் சாவி அவன் கையில் இருக்கும். படத்தைச் சுருக்குகிறவன் நாளைக்கு எதைச் சுருக்குவானோ.

"எனக்கு லேசானது போதும். பாஸ்வேட்டும் நான்தான் போடுவன்" என்றாள். போடும்போது மற்றக் கையால் விசைப்பலகையை மறைத்துக்கொண்டாள். றொமேஸ் முகத்தைத் திருப்பி வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போகும்போது வாசலில் நின்று, "படத்தையாவது கரைக்கு வந்தாப்பிறகு எடுக்கச் சொல்லுங்கோ. கடலில எடுக்கவேண்டாம்" என்றான்.

"கரையில எடுத்தால் நேற்றையான் நண்டு எண்டுவாங்கள். நீ உன்ர வேலையைப் பார்."

அதன்பிறகு சங்கத்து லப்டொப்பில் நேசமலரே படங்களை ஏற்றினாள். ஏற்ற முன்னர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பாள். மூலையில் மணிக்கூண்டின் நுனி தெரிந்தாலும் அந்தப் படத்தை அழித்துவிடுவாள். நண்டும் வலையும் நீலத் தண்ணீரும் மட்டும்தான் தளத்துக்குப் போயின. தன் கெட்டித்தனத்தில் அவளுக்கே ஒரு பெருமை. ஹோட்டல்காரர்களும் பார்த்துவிட்டுப் போன் எடுக்கத் தொடங்கினார்கள்.

அந்தச் சோளகக் காற்றுக் காலத்தில் மரியநேசன் ஒருநாள் வெறும் வலையோடு கரைக்கு வந்தான்.

"எங்கட இடத்தில வெளிப் படகுகள் நிக்குது, அக்கா. தேடித் திரிஞ்சு வந்த மாதிரி இல்லை. நேரா வந்து நிக்கிறாங்கள்."

சொல்லிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தான். அந்த இடம் இருவருக்குத்தான் தெரியும். அவன் வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் ஆயுள் முழுக்க மற்றவர்களைச் சந்தேகித்தவளுக்கு, தன்னை ஒருவன் சந்தேகிப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்போது அவளுக்கு ஞாபகம் வந்தது ஒரு முகம்தான். அன்றைக்குப் படங்களைப் பார்த்துவிட்டு மாறிய முகம்.

ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைகிற நேரத்தில், கோவில் வாசலில் வைத்து அவள் றொமேசை மறித்தாள்.

"மாமாவின்ர இடத்தை ஆருக்குச் சொன்னனீ?"

"நான் ஒருத்தருக்கும் சொல்லேல்ல, பெரியம்மா."

"அப்ப உனக்கு இடம் தெரியும்?"

றொமேஸ் சனத்துக்குள் நின்ற தன் மாமாவைப் பார்த்தான். சனமும் நின்றுவிட்டது. இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் தப்பியிருப்பான்.

"ஓம்" என்றான். "தெரியும்."

அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? யாரோ ஒருவர் சூள் கொட்டினார். றொமேஸ் தலையைக் குனிந்துகொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்தான். நேசமலருக்குத் தான் நினைத்தது சரி என்ற திருப்தி. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டாள்.

மரியநேசனுக்குத்தான் சோறு இறங்கவில்லை. இடத்தைக் காட்டிக்கொடுத்தவன் கோவில் வாசலில் நின்று ஓம் என்று சொல்வானா? மறுநாள் காலை அக்காவையும் ஏற்றிக்கொண்டு ரவுணுக்குப் போனான்.

றொமேஸ் கடைக் கதவைச் சாத்தினான். சங்கத்து வெப்சைட்டைத் திறந்து, நேசமலர் போட்ட படம் ஒன்றை இறக்கி, அதன் விபரத்தைத் திறந்தான். நாள், நேரம், போனின் பெயர், அதற்குக் கீழே இரண்டு இலக்கங்கள். அவற்றை அமத்தியதும் வரைபடம் விரிந்தது. நீலத்தின் நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. இன்னொரு படத்தைத் திறந்தான். புள்ளி அதே இடத்தில் விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான்.

"பெரியம்மாவின்ர போன் படம் எடுக்கேக்க இடத்தையும் படத்துக்குள்ள எழுதுது, மாமா. உந்த எடிட்டர் குடுத்ததைக் குடுத்தபடியே வைக்கும். ஆரும் இறக்கிப் பாக்கலாம்." அதே படத்தைச் சுருக்கிக் காட்டினான். இலக்கங்கள் இல்லை. "மற்ற எடிட்டர் எண்டால் இது தானா அழிஞ்சிருக்கும்."

நேசமலர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் வாயைத் திறக்கவே இல்லை. மணிக்கூண்டின் நுனியைத் தேடித் தேடி அழித்துவிட்டு, இடத்தைத் தன் கையாலேயே ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறாள்.

"உன்ர வாயில என்ன கொழுக்கட்டையா? அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"மாமாவின்ர இடம் எனக்குத் தெரிஞ்சு போச்சு எண்டு எந்த வாயால சொல்லுறது? சொன்னால் நம்பியிருப்பியளே?"

மரியநேசன் மருமகனின் தோளில் கையை வைத்து, கொஞ்சநேரம் எடுக்காமல் இருந்தான்.

படங்களை எல்லாம் அழித்தார்கள். எடிட்டரையும் மாற்றினார்கள். கண்டவன் கண்டதை மறக்க என்ன வழி? வெளிப் படகுகள் அங்கிருந்து போகவில்லை. மரியநேசன் புது இடம் தேடிப் பல நாள் அலைந்தான். பிறகு ஒரு நாள் வலை கனமாக வந்தது. கரையில் நின்ற பெண்கள் நண்டைக் கண்டதும் வாய்விட்டுச் சிரித்தார்கள். நேசமலரும் சிரித்தாள்.

அடுத்த நாள் விடியலில் அவன் வலையை ஏற்றும்போது அவள் கரைக்குப் போனாள். வழக்கமாக அந்த நேரத்தில்தான் அவன் கிட்ட வந்து, எங்கே போகிறேன் என்று அவளுக்குச் சொல்லிவிட்டுப் போவான். அவன் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எங்கால போறாய், தம்பி?"

மரியநேசன் நிமிர்ந்தான். தாடையைத் தெற்குப் பக்கம் நீட்டினான்.

"உங்கால."

நேசமலர் தெற்கே பார்த்துவிட்டுத் திரும்பினாள். "ஆருக்கெண்டாலும் சொல்லிப்போட்டுத்தானே போறாய்?"

"ஓம், அக்கா. றொமேசுக்குச் சொல்லியிருக்கிறன்."

அவள் தலையாட்டினாள்.