டாக்டர் வீட்டுச் சுவர்

வெளிச்சுவர்களுக்கு ஈரம் புகாத பூச்சு அடிப்பதுதான் அவர் தொழில். தெருவே அவரைக் 'கசிவு டாக்டர்' என்றுதான் கூப்பிடும். அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே, மகளும் அவள் கைக்குழந்தையும் படுக்கும் அறையில் வெளிச்சுவர் உட்பக்கம் வேர்த்து வழிந்தது. ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்! "டாக்டரே, சொந்த வீட்டுக்கு வைத்தியம் எப்ப?" என்று பக்கத்து வீட்டுக்காரர் வாயைக் கிளறுவார்.

டாக்டர் சும்மா இருந்தாரா? சாரம் கட்டி ஏறி, விரிசலையெல்லாம் கீறி அடைத்து, வெளியே மூன்று கோட்டிங் அடித்தார். உள்ளே ஈரம் கூடியதே தவிரக் குறையவில்லை. மூலையில் கறுப்பாகப் பூஞ்சை படர்ந்தது. குழந்தை இருமியது.

"ஞாயித்துக்கிழமை நான் மாமியார் வீட்டுக்கே கிளம்பறேன்ப்பா. இந்த ரூம்ல இவளை வச்சிருக்க முடியாது," என்றாள் மகள்.

அவருக்குச் சோறு இறங்கவில்லை. பேத்தி இல்லாத வீட்டை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. நாலாவது கோட்டிங்குக்கு டப்பாவைத் திறந்தார்.

"எவன் வீட்டுக்குப் போனாலும் முதல்ல பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிப் பாப்பீங்களே, நம்ம வீட்டுல ஒட்டினீங்களா?" என்றாள் மனைவி.

"என் சுவரு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுதான் மூணு கோட்டிங் அடிச்சீங்களாக்கும்!"

முணுமுணுத்துக்கொண்டே அறைக்குள் சுவரில் ஒரு ஷீட்டை வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டினார். ஷீட்டுக்குப் பின்னால் ஈரம் கட்டினால் அது சுவர் வழியாக வருகிறது. முன்னால் கட்டினால் அறைக்காற்றிலிருந்து வருகிறது.

காலையில் பார்த்தார். பின்னால் பொட்டு ஈரமில்லை. முன்பக்கம் முத்து முத்தாக நீர்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. குழந்தை நெஞ்சுச்சளியோடு ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பியதிலிருந்து, குளிர்காற்று படக்கூடாதென்று ஜன்னலைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டியவர் அவரேதான். யாரையும் திறக்க விட்டதில்லை. உள்ளேயே கொடி கட்டி ஈரத்துணி, உள்ளேயே வெந்நீர் ஆவி. இத்தனை ஈரமும் வேறு எங்கே போகும்?

யாரும் பார்க்கவில்லை. ஷீட்டின் முன்பக்கத்தை ஒரு துடைப்பு துடைத்தால் பழி வெளியே பெய்யும் மழைமேல் போய்விடும். பாவி மனுஷன், துண்டைக் கையில் எடுத்தும்விட்டார். அப்போது குழந்தை இருமியது.

துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டு மகளைக் கூப்பிட்டார். ஷீட்டைக் காட்டினார்.

"சுவத்து மேல தப்பில்லம்மா. நான்தான் மூடி மூடி இப்படிப் பண்ணிட்டேன். இன்னொரு தடவை இவளை ஆஸ்பத்திரியில பாக்க என்னால ஆகாது. பயந்துட்டேன்மா."

அவரே கத்தியால் பட்டையை உரித்து ஜன்னலைத் திறந்தார். காற்று சில்லென்று உள்ளே வந்தது. வந்ததுதான் தாமதம், அவர் கை மறுபடி ஜன்னலை இழுக்கப் போனது.

மகள் அதைப் பார்த்தாள். குழந்தையைக் கம்பளியில் நன்றாகச் சுற்றி அவரிடம் நீட்டினாள்.

"ரெண்டு கையாலயும் பிடிங்க. இந்தத் துணியெல்லாம் வெளியில காயப்போட்டுட்டு வரேன். ஞாயித்துக்கிழமைப் பேச்சை விடுங்க."

காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு பேத்தியோடு நின்றார். ஜன்னல் திறந்தே கிடந்தது. சாத்த அவருக்குக் கை ஏது?